முள் சாய்ந்த பக்கம்

அப்பாவுக்குச் சிறுநீரகம் தர அண்ணன், தங்கை இருவருமே பொருந்தியிருந்தார்கள். யார் தருவது என்ற பேச்சு எழுந்ததும், முடிவெடுக்க உதவும் மென்பொருள்கள் எழுதுகிற அண்ணன் கதிரவேல் இதற்கென்றே ஒன்றை எழுதிக்கொண்டு வந்தான்.

"நாம பேசினா சண்டைதான் வரும், பூங்கோதை. கம்ப்யூட்டருக்கு அண்ணன் தங்கச்சி கிடையாது. பயத்தைக்கூட மறைக்காம போடு, அதுக்கும் மதிப்பு இருக்கு."

வயது, வேலை, குழந்தைகள், பயம் என்று திரையில் இழுத்து ஏற்றி இறக்கும் பட்டைகள், ஆளுக்கு ஒரு வரிசை. பூங்கோதை பயத்தை முழுக்க இழுத்து வைத்தாள். திரையிலிருந்த முள் ஆடி ஆடி அவள் பெயர்மேல் போய் நின்றது. சாமி வாக்கைப் போல ஏற்றுக்கொண்டாள்.

இன்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. மடிக்கணினியைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு அவன் காபி குடிக்கப் போனான். பொழுது போகாமல் பட்டைகளை நகர்த்திப் பார்த்தாள். தனக்கு எழுபது வயது என்றாள்; கைக்குழந்தை இருக்கிறது என்றாள். முள் அசையவில்லை. தன் பயத்தை அடியோடு இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். அசையவில்லை. அண்ணனின் வயதை, வேலையை மாற்றினாள். அதற்கும் இல்லை. கடைசியாக, உச்சியில் நின்ற அவனுடைய பயத்தை நகக்கண் அளவு இறக்கினாள். முள் துள்ளிக்கொண்டு அவன் பெயருக்குத் தாவியது. ஏற்றினாள், அவளிடமே திரும்பி வந்தது.

கதவைத் திறந்துகொண்டு கதிரவேல் வந்தான்.

"என்னம்மா, இப்படி வேர்த்திருக்கு? பயமா இருக்கா?"

பட்டையிலிருந்து விரலை எடுக்காமலே நிமிர்ந்தாள்.

"எனக்கு இருந்தா முள்ளு நகருமாண்ணா?"