நானூற்று எண்பது கிராம்

மலையேறப் போவதற்காக ஒரு மாதம் தேடி நான் வாங்கிய கூம்புக் கூடாரம் தொள்ளாயிரம் கிராம். அதே வாரம் என் நண்பன் ஜாசிம் வாங்கியது நானூற்று எண்பது. தன் வீட்டு மளிகைக்கடைத் தராசிலேயே வைத்துக் காட்டினான். எனக்கு வயிறு எரிந்தது.

"தராசு ரிப்பேரா கீதுடா" என்றேன்.

சிரித்துக்கொண்டே உத்திரமேரூர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனான். நடுவில் ஒரே ஒரு கம்பை நிறுத்திக் கூடாரத்தை விரித்தான். உள்ளே போய் ஜிப்பை இழுத்துக்கொண்டான்.

"சோக்கா கீதுடா!" என்று உள்ளிருந்து கத்தினான்.

பொறுக்க முடியவில்லை. அடியில் கைவிட்டுக் கம்பை உருவினேன். துணி புல்லோடு படிந்தது. மேடு எதுவும் இல்லை. தடவிப் பார்த்தேன். புல் மட்டும்தான் இருந்தது.

மடித்துப் பையில் போட்டுக் கடைக்கே கொண்டுபோய் நிறுத்தேன். நானூற்று எண்பது. ஒரு கிராம்கூட ஏறவில்லை.

"இப்ப சொல்லு, தராசா ரிப்பேரு?" என்று பைக்குள்ளிருந்து ஜாசிம் கேட்டான்.