காகத்துக்கு ஒரு ஸ்டார்

பழவேற்காடு ஏரியில் பாய்ப்படகு ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் பறவை பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பார்த்த ஒவ்வொரு பறவைக்கும் போனில் ஸ்டார் போடுவார்கள். ஸ்டார் குறைந்த பறவையை, பறவைகளைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் கம்பெனி ஏரியிலும் ஊரிலும் இல்லாமல் எடுத்துவிடும். பூநாரைக்கு எப்போதும் ஐந்து. நாற்றமடிக்கிறது என்று நீர்க்காகத்தைப் போன வருடமே எடுத்தாயிற்று.

இந்த வருடம் காகம். படகில் வந்த ஒரு அம்மாளின் தோளில் எச்சம் போட்டுவிட்டது. "ஒரு ஸ்டார் குத்துங்கம்மா, சனியன் ஒழியட்டும்" என்று சொன்னவன் நான்தான். நானும் குத்தினேன். பாய்த்துணியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவன் நான்தானே.

ஆடி அமாவாசை வந்தது. செத்துப்போன என் அப்பாவுக்காக மனைவி தமயந்தி மொட்டைமாடியில் இலை போட்டுச் சோறு வைத்தாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம், ஊரில் ஒரு காகமும் இல்லை. காகம் தொடாமல் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். மணி இரண்டானதும் தமயந்தி கம்பெனிக்குப் போன் செய்தாள்.

பத்து நிமிடத்தில் ஒன்றை அனுப்பினார்கள். பளபளவென்று கறுப்பு, எச்சம் போடாத ரகம். மூன்று முறை கொத்தியது. சோறு அதன் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் பையில் விழும் சத்தம் கேட்டது.

"மாமா சாப்பிட்டுட்டாரு, வாங்க" என்றாள் தமயந்தி, என் முகத்தைப் பார்க்காமல்.

அது போகவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு, தேன் வழியும் பெண்குரலில், "சேவை திருப்தியா? ஸ்டார் போடுங்கள்" என்றது.

போனை எடுத்தேன். ஐந்து போட்டேன். போடாவிட்டால் புரட்டாசி அமாவாசைக்கு இதுவும் வராது.