பெயர் ஒட்டிய குப்பிகள்

சிறுநீரகப் பரிசோதனை முகாமுக்குத் தனுஷ்கோடியும் அவர் மனைவி பேச்சியம்மாளும் ஆளுக்கொரு சிறுநீர்க் குப்பி கொண்டுபோனார்கள். நோய் என்று தெரிந்தால் லாரி ஓட்ட விடமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. வரிசையில் நிற்கும்போது, அவள் பார்க்காத நேரம், பெயர்ச் சீட்டுகளைப் பிரித்து மாற்றி ஒட்டிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து நர்ஸ் சொன்னாள்: "அக்காவுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தாண்ணே கிட்னி ரொம்பக் கெட்டிருக்கு."

"பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்று வழியெல்லாம் தேற்றிக்கொண்டே வந்தாள் பேச்சியம்மாள். அவருக்கு மட்டும் உப்பில்லாமல் சமைத்தாள். தன் தட்டுக்கு ஊறுகாய் எடுக்கப்போன அவள் கையை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆசையா இருக்கா? உப்பு உங்களுக்கு ஆகாதுல்ல" என்று சொல்லி, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.