இடது இடுப்புத் திண்டு

பட்டறை வெயிலில் புது பிரேஸ் முட்டை ஓடுபோல் மினுங்குகிறது. வளைந்த முதுகைத் தாங்கத் தம்பி செய்தது. ஒவ்வொரு மாதிரியையும் மாட்டிப் பார்த்துத் தோல் உரிந்தவள் அக்கா. இதுவும் அவள் அளவுதான். ஆனால் விளம்பரப் படத்துக்காக அதை அணிந்து விளக்கடியில் நிற்பவள் ஒரு நேர்முதுகுக்காரி. "உன்ன நிக்க வச்சா யாரு வாங்குவா, அக்கா?" என்று காலையிலேயே சொல்லிவிட்டான். அக்கா சுவரோர ஸ்டூலில் ஒருபக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருக்கிறாள். "சார், இங்க குத்துது," என்று அந்தப் பெண் இடது இடுப்பைத் தொடுகிறாள். அங்கே பிரேஸின் உள்ளே இருக்கும் திண்டுதான் அக்காவைச் சாயாமல் நிறுத்துவது. அதை விரல்விரலாக நகர்த்தி, அழுது, சண்டைபோட்டு, அந்த இடத்தை இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். "அவ்வளவுதானே, சீவிடலாம்." தம்பி கத்தியை எடுக்கிறான், அக்கா பக்கம் திரும்பவில்லை. வெள்ளைச் சீவல்கள் அக்காவின் காலடியில் வந்து விழுகின்றன. அந்தப் பெண் மறுபடி மாட்டிக்கொண்டு நிமிர்ந்து சிரிக்கிறாள். இப்போது குத்தவில்லையாம்.