எல்லிஸ் எழுந்துவிட்டார்

பெரியண்ணன் முதலில் டிவியைத்தான் அடித்தான்.

சுவரில் மாட்டியிருந்த பேஸ்பால் மட்டையை உருவி ஒரே வீச்சு. திரையில் எதிரணி ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் ஓட்டை விழுந்தது. கூச்சல் மட்டும் நிற்கவில்லை. அதற்கு இன்னும் இரண்டு அடி தேவைப்பட்டது.

பிறகு எல்லிஸ் பக்கம் திரும்பினான்.

எல்லிஸ் என் அக்கா வாண்டாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது. அப்பா இல்லாததால் அக்காவைச் சர்ச்சுக்குள் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியவன் பெரியண்ணன் காஸ். அவன் காலையிலேயே சொல்லிவிட்டான். இன்றைய ஆட்டத்தில் எல்லிஸால் எங்கள் அணி ஹெரன்ஸ் தோற்றால் கல்யாணம் கிடையாது.

அதில் அநியாயம் ஒன்றுமில்லை. ஹெரன்ஸ் தொடர்ந்து பதினோரு ஆட்டம் ஜெயித்திருந்தது. அதில் முதல் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் யார் எப்படி இருந்தோமோ, அப்படியே இருந்துதான் மற்ற பத்தையும் பார்த்தோம்.

காஸ் சோபாவில், இடது காலை மேஜைமேல் போட்டு. சின்னண்ணன் ரோமன் சமையலறை வாசலில், கையில் முள்கரண்டியோடு. எல்லிஸ் ஐஸ்பெட்டிமேல். நான் டிவிக்கு அடியில், மல்லாக்க.

எனக்குப் பந்தே தெரியாது. மற்ற மூன்று பேரின் முகவாயைப் பார்த்து ஸ்கோரைத் தெரிந்துகொள்வேன். இதுவரை தப்பியதில்லை.

இன்றைக்கு எங்களுக்கு ஒரு ரன் கூடுதல். ஒன்பதாவது இன்னிங்ஸ். எதிரணியில் இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். இன்னும் ஒரே ஆள் அவுட்டானால் ஜெயம். அவன் அடித்த பந்து இடது மூலைக்கு உயரமாகப் போனது. தூக்கத்தில்கூடப் பிடிக்கக்கூடிய பந்து என்று ரோமன் பிறகு சொன்னான்.

பந்து கீழே வருவதற்குள் எல்லிஸின் முகவாய் மேலே போனது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பந்து எங்கள் ஆளின் கையுறையில் பட்டுத் தெறித்தது. நின்றிருந்த இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்தார்கள், அவர்களுக்கு இரண்டு ரன். சீசன் முடிந்தது.

"உக்காந்த எடத்துல ஒழுங்கா உக்காரத் தெரியல, உனக்கு என் தங்கச்சி கேக்குதாடா?" என்றான் காஸ்.

முதல் குத்தில் மூக்கு போனது. எல்லிஸ் மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது குத்துக்கும் கேட்டார். நூலகத்து ஆட்கள் அப்படித்தான்.

ரோமன் பதினோரு ஆட்டமாகச் சும்மா பிடித்திருந்த முள்கரண்டிக்கு ஒரு வேலை கொடுத்தான். அது எல்லிஸின் தொடையில் நட்டுக்கொண்டு நின்றது.

நான் தரையில் இருந்தேன். எனக்கு எட்டியது கணுக்கால். கடித்தேன். வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை, மிச்சம் இருப்பதைத்தான் கடிக்க முடியும்.

எல்லிஸ் திருப்பி அடிக்கவில்லை. வேண்டுமானால் மறுபடி உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். உட்காரவும் செய்தார். காஸ் ஐஸ்பெட்டியை எட்டி உதைத்தான். பியர் டின்களோடு எல்லிஸும் தரையில் உருண்டார்.

காஸ் மட்டையைத் தூக்கினான். முட்டியைப் பெயர்த்துவிட்டால் அடுத்த சீசனில் எழுந்திருக்க மாட்டான் என்பது அவன் கணிப்பு. ரோமனிடம் எல்லிஸின் காலை நீட்டிப் பிடிக்கச் சொன்னான்.

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள். கையில் தையல்காரியிடமிருந்து வாங்கி வந்த கல்யாண கவுன்.

கவுனை முதலில் கொக்கியில் மாட்டினாள். அவள் மிருக வைத்தியரிடம் வேலை பார்ப்பவள், ரத்தத்துக்கெல்லாம் பதற மாட்டாள். முள்கரண்டியைப் பிடுங்கினாள். ஃப்ரீஸரில் இருந்த மக்காச்சோளப் பையை எடுத்து எல்லிஸின் மூக்கில் வைத்து அழுத்தினாள். அதன் பிறகுதான் எங்களைப் பார்த்தாள்.

"ஆட்டம் மத்தியானம் ஒரு மணிக்குடா. நாம சர்ச்சுல கல்யாண ஒத்திகையில இருக்கும்போதே அது முடிஞ்சுபோச்சு. ரெக்கார்ட் பண்ணி வச்சதப் போட்டுப் பாத்துட்டு, இவரு எந்திரிச்சதாலதான் தோத்துச்சுன்னு அடிக்கிறீங்களே, அறிவிருக்கா?"

ரோமன் எல்லிஸின் காலை விட்டான். நான் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

காஸ் மட்டையை இறக்கினான். யோசித்தான். அவன் யோசித்தால் உதடு அசையும். அக்காவின் முகத்தில் லேசாக நிம்மதி தெரிந்தது.

ஒரு மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ் நாலு மணியை ஒட்டி வந்திருக்கும் என்றான் காஸ். சரியாக நாலு மணிக்கு நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டான்.

எனக்கு ஞாபகமில்லை. ரோமனுக்கும் இல்லை.

மக்காச்சோளப் பைக்குப் பின்னாலிருந்து எல்லிஸ் பேசினார்.

"நாம எல்லாம் ஒழுங்கா உக்காந்துதான் இருந்தோம். ஃபாதர்தான் எந்திரிக்கச் சொன்னாரு. ரெண்டு தடவை."

காஸ் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு குனிந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டான். சட்டையில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டான்.

"வா மாப்ள. முன்சீட்டுல நீ உக்காரு."

அக்கா வாசல்வரை ஓடி வந்து ஏதோ கத்தினாள். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை.

சர்ச் இரண்டு தெரு தள்ளித்தான். ஃபாதர் குப்பைத் தொட்டியைத் தெருவோரத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தார். அவரை முதலில் பார்த்து, அதோ என்று எங்களுக்குக் கை காட்டியவர் எல்லிஸ்தான்.