ஒரு சுற்று கூடுதலாக

குழிமூடியைத் தூக்கினாள்.

உள்ளே பக்கத்து வீட்டுக்குப் போகும் குழாய். இரும்புச் சாவியைத் திருகில் மாட்டி வலப்பக்கம் சுற்றினாள். இறுகிய பிறகும் ஒரு சுற்று கூடுதலாக.

நான்கு நாளுக்கு ஒருமுறை, காலையில் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் தெரு. இன்று தண்ணீர் வரும் நாள். அவள் வீடு தெருமுனையில். அதனால் சாவி எப்போதும் அவளிடம்தான்.

பஸ் ஸ்டாண்டில் குண்டு வெடித்து ஆறு நாள் ஆகிறது. அன்றிலிருந்து பக்கத்து வீட்டு இத்ரீஸைக் காணவில்லை.

குண்டு வைத்தவன் வீடு திரும்புவானா என்று தெரு கேட்டது. இரண்டாம் நாள் அதையே பதிலாகவும் வைத்துக்கொண்டது.

எதிர்வீட்டுக் கோமளா வாசலில் நின்று, அவள் திருகுவதைப் பார்த்தாள்.

"தாகம் எடுத்தா அவன் வந்து மொண்டு குடுக்கட்டும்."

சாவியோடு நின்றவள் சிரிக்கவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. ஆறு நாளில் முதல்முறையாக.

அவள் மகன் மதிவாணனும் குண்டு வெடித்த அன்று அங்கே பஸ்ஸுக்கு நின்றிருந்தான்.

அவனைத் துணியில் கட்டித்தான் கொடுத்தார்கள். பிரிக்க வேண்டாம் என்றார்கள். அவனைக் குளிப்பாட்டவென்று நீர்மாலைக்கு எடுத்து வந்த குடத்துத் தண்ணீரை முடிச்சின் மேல் தெளித்தாள்.

தலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அன்று இத்ரீஸின் அம்மா ரஹ்மத்தும் வந்தாள். யாரும் வழிவிடவில்லை. மதிவாணனின் அம்மாவும் வா என்று சொல்லவில்லை.

இப்போது சாவியோடு உள்ளே வந்து, பின்கட்டு டிரம்முக்குக் குழாயைத் திறந்துவிட்டாள்.

தெருவில் ஆம்புலன்ஸ் நுழைந்தது. பக்கத்து வீட்டு வாசலில் நின்றது.

கூட வந்த போலீஸ்காரர் கூடியவர்களிடம் சொன்னார். குண்டு வெடித்தபோது பையன் டீக்கடையில் நின்றிருக்கிறான். தலையில் அடி. பர்ஸும் போனும் சிதறிப்போனதால், பெயர் தெரியாமலே வெளியூர் ஆஸ்பத்திரியில் கிடந்து நேற்று இறந்திருக்கிறான். சட்டைக் காலரில் இருந்த டெய்லர் பெயரை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ராத்திரி அவன் அப்பா போய் அடையாளம் காட்டியிருக்கிறார்.

கோமளா கதவைச் சாத்திக்கொண்டாள்.

மதிவாணனின் அம்மா தன் வீட்டு ஜன்னலை விட்டு நகரவில்லை. வெள்ளைத் துணிக்கு அடியில் பாதங்கள் மேடாகத் தெரிந்தன.

இரண்டு.

கைகளைத் தேடினாள். அவையும் இருந்தன.

முழுசாக வந்திருக்கிறான்.

சாவியை முந்தானைக்குள் முடிந்துகொண்டாள்.

கதவு தட்டும் சத்தம்.

ரஹ்மத். இடுப்பில் காலிக் குடம். கண்கள் வீங்கி, பாதி மூடியிருந்தன.

"பள்ளிவாசல் ஆளுக வந்துட்டாங்கக்கா. புள்ளைய குளிப்பாட்டணும். உங்க வீட்லயும் தண்ணி வரலையா?"

சாவி முந்தானைக்குள் கனத்தது.

வரவில்லை என்று தலையாட்டினாள்.

பின்கட்டில் டிரம் நிறைந்து, தண்ணீர் துவைக்கும் கல்லில் விழ ஆரம்பித்தது.

இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.