முதல் தடவை

லாஸ் ஏஞ்சல்ஸில் எடுக்கப்படும் 'வயது வந்தோருக்கு மட்டும்' படங்களில், அதிலும் ஆணும் ஆணும் சேரும் படங்களில், நான் பதினோரு வருடமாக நட்சத்திரம். நட்சத்திரம் என்றால், சட்டையைக் கழற்றும்முன் தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்ளத் தெரிந்தவன்.

அன்று காலை தயாரிப்பாளர் லானி போனில் கத்தினார்.

"வெண்டல், கவுத்துட்டியேடா! சந்தையில கைகோத்துக்கிட்டு, பீச் பழம் ஊட்டிக்கிட்டு... எவனோ போட்டோ எடுத்துப் போட்டுட்டான்!"

"நான் கல்யாணமானவன், லானி. ஊட்டக் கூடாதா?"

"வீட்டுக்குள்ள ஊட்டு! 'இத்தனை வருஷமா நம்மள ஏமாத்திட்டான்'னு ஒரு ரசிகன் அழுதுகிட்டே வீடியோ போட்டிருக்கான். சொந்தக்காரங்கன்னு சொல்லிச் சமாளி. இல்லேன்னா அடுத்த படம் கிடையாது."

போனை வைத்தேன். முகமெல்லாம் சவர நுரையோடு எட்டிப் பார்த்தான் ஹெக்டர். ஆறு வருடமாக என் கணவன்.

"மாட்டிக்கிட்டோமா?"

"மாட்டிக்கிட்டோம்."

ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் என்னை ஒரு சோபாவில் உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துப் பேச வைப்பார்கள். 'எனக்குப் பொண்ணுங்கதான் பிடிக்கும். காசுக்காக வந்தேன். இதான் முதல் தடவை.' பதினோரு வருடமாக எனக்கு அதுதான் முதல் தடவை. அதை நம்பித்தான் அத்தனை கூட்டமும் வந்தது. நான் உருப்படியாக நடித்ததும் அந்த ஒரு வசனத்தில்தான்.

ஹெக்டர் விழுந்து விழுந்து சிரித்தான்.

"உங்க அம்மாவுக்குத் தெரியும், சர்ச்சுக்குத் தெரியும், இந்தத் தெருவுக்கே தெரியும். உனக்கு ஆம்பளைங்களத்தான் பிடிக்கும்னு தெரியாம இருந்தது, உன் ரசிகர்களுக்கு மட்டும்தான்டா!"